நீ திறந்தால் நானும் திறப்பேன்: செயற்கைக்கோள் சந்தையில் நாடுகளின் கணக்கு

1985 ஜூன் 17. ஹிஜ்ரி 1405, ரமலானின் கடைசி நாட்கள். அமெரிக்காவின் டிஸ்கவரி விண்வெளி ஓடம் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. அதில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் இருந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் முஸ்லிம் அவர்தான் என்பதால் அந்தப் பயணம் நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அங்கே தொழுகை எப்படி, கிப்லா எந்தத் திசை, நோன்பு என்னாவது என்றெல்லாம் அப்போது எழுந்த கேள்விகள் இன்றும் பயான்களில் வருகின்றன.

அந்த ஓடத்தில் போன சரக்கைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மூன்று தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. ஒன்று, அரபு லீக் நாடுகள் கூட்டாக நடத்தும் அரப்சாட்டின் 1பி. இன்னொன்று மெக்சிகோவின் முதல் செயற்கைக்கோளான மொரேலோஸ் 1. மூன்றாவது அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்துடைய டெல்ஸ்டார். ஒரே வண்டியில் ஏறிப் போய், பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஆளுக்கு ஓர் இடம் பிடித்தன. அங்கிருந்து விழும் அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. மொரேலோஸின் அலைகள் மெக்சிகோவைத் தாண்டி அமெரிக்காவின் தென்பகுதியிலும் விழும். ஆனால் விழுவது வேறு, அங்கே கடை விரிப்பது வேறு. பக்கத்து நாட்டுச் செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுத்து என் நாட்டு மக்களுக்குச் சேவை விற்க வேண்டுமானால் என் அரசின் அனுமதி வேண்டும். இதைத் துறைக்காரர்கள் 'லேண்டிங் ரைட்ஸ்' என்கிறார்கள். விமானம் இறங்க உரிமை கேட்பது போல, அலை இறங்க உரிமை.

இந்த உரிமையை நாடுகள் சும்மா கொடுப்பதில்லை. "உன் செயற்கைக்கோளை என் சந்தையில் விடுகிறேன், என்னுடையதை உன் சந்தையில் விடுவாயா?" என்று கேட்கின்றன. ஸ்டார்லிங்க் வருமா, எப்போது வரும் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான். மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷும், வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் பையில் இருக்கக்கூடிய ஒரு போனும் இதற்குள் அடக்கம். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு புதிதல்ல

மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு 'ஆஷிர்' பற்றிய பாடம் நினைவிருக்கும். ஆஷிர் என்பவர் வணிகப் பாதையில் அமர்த்தப்பட்ட சுங்க அதிகாரி. இதன் வேர் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இருக்கிறது. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் இரண்டு செய்திகள் பதிவாகியுள்ளன. ஒன்று, முஸ்லிம் ஆட்சிக்கு வெளியே இருந்த மன்பிஜ் மக்கள், உங்கள் நாட்டுக்குள் வந்து வணிகம் செய்ய அனுமதியுங்கள், பத்தில் ஒரு பங்கு தருகிறோம் என்று உமர் (ரலி) அவர்களுக்கு எழுதியது. அவர்கள் நபித்தோழர்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டு அனுமதித்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு சந்தை அனுமதி விண்ணப்பம். மற்றொன்று, நம் வணிகர்கள் வெளிநாட்டுக்குப் போனால் அங்கே பத்தில் ஒரு பங்கு பிடிக்கிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதிக் கேட்டது. நம் வணிகர்களிடம் அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ அவ்வளவே அவர்களிடம் நீங்களும் வாங்குங்கள் என்பதுதான் பதிலின் சாரம்.

ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதை அடிப்படையாக வைத்து 'முஜாஸாத்', அதாவது பதிலுக்குப் பதில், என்ற விதியை வகுத்தார்கள். அந்த விதிக்கு அவர்கள் போட்ட இரண்டு வரம்புகள்தான் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைப்பவை. எதிர்த்தரப்பு நம் வணிகரின் சரக்கு முழுவதையும் பிடுங்கிக்கொண்டால், நாமும் அவர்கள் வணிகரிடம் முழுவதையும் பிடுங்கலாமா? கூடாது. அனுமதித்து உள்ளே விட்டவனிடம் அப்படிச் செய்வது துரோகம். அவர்கள் ஒன்றுமே வாங்காவிட்டால்? நாமும் வாங்கக் கூடாது. அப்போதுதான் அவர்கள் நம் வணிகர்களிடம் தொடர்ந்து வாங்காமல் இருப்பார்கள், மேலும் நற்குணத்துக்கு நாமே அதிக உரிமையுள்ளவர்கள் என்று காரணமும் சொன்னார்கள். ஆக, பதிலுக்குப் பதில் என்பது கதவைத் திறக்க வைக்கும் கருவி. கதவை அடைப்பதற்கான சாக்கு அல்ல.

இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டு இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

அமெரிக்கா வைத்த தேர்வு

1990-களின் நடுவில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒரு திட்டத்தை முன்வைத்தது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் அமெரிக்காவில் சேவை தரலாம். ஆனால் அதன் தாய்நாடு அமெரிக்கச் செயற்கைக்கோள்களுக்கு அதே சேவையில் கதவைத் திறந்திருக்க வேண்டும். சட்டத்தில் மட்டும் திறந்திருந்தால் போதாது, நடைமுறையிலும் திறந்திருக்க வேண்டும். 'ஈகோ-சாட்' தேர்வு என்று இதற்குப் பெயர். முஜாஸாத்தை ஆங்கிலத்தில் எழுதியது போல எனக்குத் தோன்றியது.

1997 பிப்ரவரியில் உலக வர்த்தக அமைப்பின் கீழ் 69 அரசுகள் அடிப்படைத் தொலைத்தொடர்புச் சேவைகள் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அது 1998 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த அமைப்பின் அடிப்படை விதியே, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் கொடு என்பதுதான். அப்படியென்றால் ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்க முடியாது. எனவே 1997 நவம்பரில் எஃப்சிசி தன் இறுதி ஆணையை மாற்றி எழுதியது. உறுப்பு நாடுகளின் செயற்கைக்கோள்களை அனுமதிப்பது போட்டிக்கு நல்லது என்று முன்கூட்டியே கருதப்படும். உறுப்பினரல்லாத நாடுகளுக்கு மட்டும் ஈகோ-சாட் தேர்வு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுக்கு நேரடியாக வரும் டிவி, செயற்கைக்கோள் வானொலி ஆகியவற்றை மட்டும் அமெரிக்கா இந்தப் பொது உடன்பாட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டது. அந்தச் சேவைகளுக்கு உறுப்பு நாடாக இருந்தாலும் தேர்வு உண்டு. அதாவது வங்கிக்கும் கம்பெனிக்கும் தகவல் கொண்டுபோகும் மொத்த வியாபாரத்தில் தாராளம். குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கும் திரையில் மட்டும் "நீ திறந்தால் நானும் திறப்பேன்". எந்த நாடும் தன் மக்களின் கூடத்துக்குள் வரும் குரலை வெறும் சரக்காகப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தாராளச் சந்தை பேசும் நாடே இப்படி என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியுமா?

தனித்தனி நாடுகளோடு ஒப்பந்தம் போடும் வழியும் இருந்தது. அமெரிக்காவும் மெக்சிகோவும் 1996 ஏப்ரலில் ஒரு செயற்கைக்கோள் ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டு நவம்பரில் வீட்டு டிவி சேவைக்கான தனி நெறிமுறையும் கையெழுத்தானது. உன் செயற்கைக்கோள் இங்கே, என் செயற்கைக்கோள் அங்கே. காகிதத்தில் முழுச் சமத்துவம்.

நடந்தது என்ன? மெக்சிகோ அரசு 1997-ல் தன் செயற்கைக்கோள் நிறுவனத்தைத் தனியாரிடம் கொடுத்து, அது சாட்மெக்ஸ் ஆனது. வாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லோரல் நிறுவனம். 2000-ஆம் ஆண்டில் அதன் சொலிடாரிடாட் 1 செயற்கைக்கோள் செயலிழந்தது. கடன் ஏறியது. மெக்சிகோவின் முக்கிய வீட்டு டிவி சேவையான ஸ்கை, சொலிடாரிடாட் 2-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனமான பான்அம்சாட்டின் செயற்கைக்கோளுக்கு மாறிக்கொண்டது. கடைசியில் 2014 தொடக்கத்தில் சாட்மெக்ஸை பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூடெல்சாட் வாங்கி முடித்தது.

ஒப்பந்தம்தான் சாட்மெக்ஸைக் கவிழ்த்தது என்று சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் கோளாறும் கடனும்தான் நேரடிக் காரணங்கள். அதே ஒப்பந்தத்தால் மெக்சிகோவின் செயற்கைக்கோள்கள் அமெரிக்காவில் வாடிக்கையாளர்களைத் தேடவும் முடிந்தது. ஆனால் கைவசம் இரண்டு மூன்று செயற்கைக்கோள் மட்டும் இருப்பவனும் இருபது வைத்திருப்பவனும் ஒரே விதியில் கைகுலுக்கினால், ஒன்று பழுதானதும் யார் விழுவார் என்பது தெரிந்ததே. இருபது வைத்திருப்பவன் மாற்றுச் செயற்கைக்கோளை நகர்த்திக்கொள்வான்.

அரபு நாடுகள் இதை முன்பே உணர்ந்திருந்தன என்று சொல்லலாம். 1976-லேயே கூட்டுச் சேர்ந்து அரப்சாட்டை நிறுவி, ரியாத்தில் தலைமையகம் வைத்தார்கள். தனித்தனியாக ஒன்றும் இல்லாதவர்கள் கூட்டாகப் போனால் பேரம் பேச ஒரு பொருள் கையில் இருக்கும். அது அரசியலிலிருந்து தப்பவில்லை என்பது வேறு விஷயம். 2012-ல் அரபு லீக் கேட்டுக்கொண்டதன் பேரில் சிரிய அரசு சேனல்கள் அரப்சாட்டிலிருந்தும் எகிப்தின் நைல்சாட்டிலிருந்தும் இறக்கப்பட்டன. அதே ஆண்டு ஈரானின் சேனல்களை யூடெல்சாட் இறக்கியது. செயற்கைக்கோள் யார் கையிலோ, சுவிட்சும் அவர் கையில்.

நம் கூரைக்கு மேலே

இந்தியாவில் அலை முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. 1991-ல் ஹாங்காங்கின் ஏஷியாசாட் 1 வழியாக ஸ்டார் டிவி வந்தபோது, தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் பெரிய டிஷ் வைத்து அதைப் பிடித்துக் கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரடியாக வீட்டுக்கு வரும் டிடிஎச் சேவை தொடங்கப்போகிறது என்றவுடன் 1997-ல் அரசு அதைத் தடை செய்தது. 2000 இறுதியில் தடை நீங்கி, 2001-ல் விதிகள் வந்தன. அவற்றில் இந்தியச் செயற்கைக்கோளைப் பயன்படுத்துவோருக்கு முன்னுரிமை. வெளிநாட்டுச் செயற்கைக்கோளில் டிடிஎச்-க்கு இடம் வேண்டுமென்றால் நேரே போய்ப் பேச முடியாது. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் வாங்கித் தரும், நீங்கள் ஆன்ட்ரிக்ஸிடம் வாடகை கட்ட வேண்டும்.

இதன் நன்மை தீமை இரண்டையும் தமிழ்க் குடும்பங்கள் 2010 ஜூலையில் நேரில் பார்த்தன. சன் டைரக்ட் பயன்படுத்திவந்த இன்சாட் 4பி-யில் மின்கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. சேனல்கள் காணாமல் போயின. அப்போது கைகொடுத்தது மலேசியாவின் மீசாட் 3. இன்சாட் இருந்தது 93.5 டிகிரி கிழக்கில், மீசாட் 91.5-ல். டிஷ்ஷைச் சற்றே திருப்பினால் போதும். மலேசியாவில் இருக்கும் நம் சொந்தங்கள் ஆஸ்ட்ரோ பார்ப்பதும் மீசாட்டில்தான். மெக்சிகோவில் ஒரு செயற்கைக்கோள் பழுதானபோது ஒரு நிறுவனமே ஆட்டம் கண்டது. இங்கே பக்கத்து நாட்டுக்குக் கதவு ஓரளவு திறந்திருந்ததால் பார்வையாளர் தப்பித்தார்.

இப்போதைய விதி வேறு. 2020-ல் அறிவிக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பு, 2024 மே மாதம் விரிவான நடைமுறைகளை வெளியிட்டது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் எதுவானாலும் இந்தியாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்து அதனிடம் அனுமதி பெற வேண்டும். சீனத் தொடர்புள்ள செயற்கைக்கோள்களுக்குக் கதவு மூடுகிறது, ஏஷியாசாட்டின் இரண்டுக்கு மட்டும் 2026 மார்ச் வரை அவகாசம் என்று 2025-ல் செய்திகள் வந்தன. 1991-ல் கேட்காமலே வந்த ஏஷியாசாட்தான் இது. மறுபக்கம், ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்தையும், ஜூலையில் இன்-ஸ்பேஸின் ஐந்தாண்டு அனுமதியையும் பெற்றது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: இவ்வளவு பெரிய சந்தையைத் திறக்கும் இந்தியா, பதிலுக்கு எதைப் பெறுகிறது? ஸ்டார்லிங்குக்கு ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்கள். அதே வகையில் அமெரிக்காவில் கடை விரிக்க இந்திய அரசிடம் இப்போது ஒன்றும் இல்லை. ஜிசாட் வரிசை வேறு வகை. யூடெல்சாட் ஒன்வெப்பில் பார்தி நிறுவனத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அதில் பிரிட்டிஷ் அரசும் பிரெஞ்சு அரசும்கூடப் பங்குதாரர்கள். இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு வெளிநாட்டில் கதவு திறந்தால் அது யாருக்குக் கிடைத்த பதில் சலுகை? மன்பிஜ் வணிகருக்கு ஒரே ஊர் இருந்தது. இன்றைய நிறுவனத்துக்குப் பதிவு ஓரிடம், முதலாளிகள் பல இடம்.

செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் என்று கணக்குப் பார்க்க முடியாத நாடு வேறு வகையில் பதில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தரைநிலையம் இங்கேயே இருக்க வேண்டும், தகவல் இங்கேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனைகளை இந்தியா ஏற்கெனவே வைத்திருக்கிறது. விலையையும், கிராமத்துக்கும் தீவுக்கும் முதலில் சேவை என்ற கட்டாயத்தையும் சேர்த்திருக்க வேண்டும். நிபந்தனைகளில் பெரும்பகுதி பாதுகாப்பைப் பற்றியது. கட்டணம் கட்டப்போகிற குடும்பத்தைப் பற்றியது குறைவு.

பதிலே எதிர்பாராத கொடுக்கல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2017 மே 5 அன்று இந்தியா ஏவிய ஜிசாட் 9, அண்டை நாடுகளுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோள். இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகியவை சேர்ந்தன. பாகிஸ்தான் சேரவில்லை. அதில் ராஜதந்திர ஆதாயமும் உண்டுதான். என்றாலும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் வழி இன்றும் அடைபடவில்லை.

சபுராளிகள் கவனிக்க வேண்டியது

இறங்கும் உரிமை இல்லாத செயற்கைக்கோள் என்றால் என்ன என்பதற்கு நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான உதாரணம் துரையா. ஐக்கிய அரபு அமீரகத்தின் நிறுவனம். துபாயிலும் ஷார்ஜாவிலும் கடையில் காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கலாம். பாலைவன வேலை, கப்பல் வேலை பார்ப்பவர்கள் வைத்திருப்பார்கள். அதன் அலை இந்தியாவிலும் கிடைக்கும். ஆனால் இங்கே அதற்கு அனுமதி இல்லை. முன் அனுமதியின்றி துரையா, இரிடியம் போன்களை வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் இத்தகைய போன் பயன்படுத்தப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. விமான நிலையத்தில் விஷயம் தெரியாத வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள்கூட இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். நம் பெயருள்ள ஒருவரின் பையில் அது கிடைத்தால் மறுநாள் செய்தி எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஊருக்கு வரும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தொழிலுக்கு அவசியமானால் பிஎஸ்என்எல் வழியாகத் தரப்படும் இன்மார்சாட் சேவைக்கு முறைப்படி விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது.

அமீரகமும் தன் கதவை அடைத்து வைத்திருக்கிறது என்பதை அங்கே இருப்பவர்கள் அறிவார்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. உரிமம் பெற்ற செயலி வழியாகத்தான் உம்மாவிடம் பேச வேண்டும். ஒவ்வொரு அரசும் எங்கோ ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. செலவு மட்டும் எப்போதும் பேசுகிறவருக்குத்தான்.

ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கும் இதே சட்டம்தான். வெளிநாட்டில் வாங்கிய கருவியை இங்கே கொண்டுவந்து பொருத்திக்கொள்ள முடியாது. 2024 டிசம்பரில், இங்கே அனுமதி கிடைப்பதற்கு முன்பே, மணிப்பூரில் பாதுகாப்புப் படையினர் கைப்பற்றிய பொருட்களில் அப்படி ஒரு கருவி இருந்தது பெரிய செய்தியானது. இலங்கையில் 2025 ஜூலையிலிருந்து அந்தச் சேவை சட்டப்படி இயங்குகிறது. கொழும்பிலோ காத்தான்குடியிலோ இருக்கும் மச்சான், "எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, காங்கேசன்துறைக் கப்பலில் வரும்போது எடுத்து வரட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே அது வீட்டுச் சாமான். நாகப்பட்டினத்தில் இறங்கினால் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டிய பொருள்.